ஏட்டை மூடிய பிறகு

மணிக்கணக்காகப் படித்தும் பாடம் மனத்தில் நிற்கவில்லையே என்று வருந்தும் மாணாக்கர் பழக வேண்டிய பழக்கம் யாது? பழைய இலக்கண நூலும் புதிய உளவியற் சோதனைகளும் ஒருமுகமாகக் கூறும் விடை.

மார்கழி மாதத்து விடியற்காலையில், பனி விலகாத தெரு வழியே பால் வாங்கப் புறப்படுகிறவர்களின் காதில் இரண்டு விதமான ஓசைகள் விழும். கோயில் ஒலிபெருக்கியிலிருந்து எழுகின்ற திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒன்று. அரையாண்டுப் பரீட்சையை முன்னிட்டு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாடத்தை உருப்போடுகிற முணுமுணுப்பு மற்றொன்று. முன்னதைக் கேட்டுப் பக்தர்கள் அடையும் மனநிறைவுக்கு, பின்னதைக் கேட்டுப் பெற்றோர்கள் அடையும் மனநிறைவு சிறிதும் குறைந்ததன்று.

எங்கள் தெருக்கோடி வீட்டில் பத்தாம் வகுப்பில் வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். தலையோடு போர்வையைப் போர்த்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக அசைந்தபடி, மனித இதயத்தின் அமைப்பைக் கூறும் ஒரே பக்கத்தை எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ அவன் உரக்க வாசித்துக்கொண்டிருப்பான். உள்ளே அடுப்பங்கரையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் அவனுடைய தாயார் கையை வேலையிலும் செவியைக் கூடத்திலும் வைத்திருப்பார். ஓசை சற்றே நின்றுவிட்டால் போதும், "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும், பையனும் கண்ணில் பட்ட வரியிலிருந்து மறுபடியும் தொடங்கிவிடுவான். ஒருநாள் அவ்வழியே சென்ற நான் திண்ணையருகில் நின்று, "தம்பி, வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படுகிற இரத்தம் எங்கே போகிறது?" என்று கேட்டேன். அவன் திகைத்தான், பிறகு சிறிது ஆறுதலோடு, "இந்தப் பக்கத்துலதான் சார் இருக்கு, மேலேயிருந்து மூணாவது வரி" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. விடை அந்தப் பக்கத்திலே பத்திரமாக இருந்தது. அவனிடத்திலே இல்லை என்பதுதான் குறை. அத்தனை நாழிகை செலவிட்ட சிரத்தையுள்ள ஒரு பிள்ளைக்கு இந்தக் கதி நேர்வானேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தபோது, அவனுடைய தாயார் எந்த நிசப்தத்தைக் கண்டு அஞ்சினாரோ, அந்த நிசப்தத்திலேதான் படிப்பு என்பது தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. வாசிக்கும்போது பாடம் கண்ணுக்கு முன்னே இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு, படித்தது என்ன என்று மனத்தைத் துழாவும்போதுதான் அது நமக்குச் சொந்தமாகிறது. மாணாக்கர் கைக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கங்கள் என்று எத்தனையோ சொல்லப்படுகின்றன. அவையெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றி நிற்பவையே என்பது என் துணிபு.

நன்னூல் வகுத்த கணக்கு

ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் ஆராய்கிற இலக்கணமே ஆயினும், அதன் வாயிலில் நிற்கும் பொதுப்பாயிரம், நூல் எப்படி இருத்தல் வேண்டும், ஆசிரியன் எப்படிக் கற்பித்தல் வேண்டும், மாணாக்கன் எப்படிக் கற்றல் வேண்டும் என்பவற்றை முறையாக வகுத்துரைக்கிறது. மாணாக்கனுக்குரிய செயல்களாக அது சொல்பவற்றைக் கவனித்தால் ஓர் உண்மை புலனாகும். வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதை நினைத்தல், ஆசிரியனை அடைந்து மனங்கொள்ளக் கேட்டல், உடன் கற்பாரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியதற்கு விடை கூறுதல் என்று செல்லும் அந்த வரிசையில், கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் கிடைத்திருக்கும் இடம் சிறிது. நினைப்பதற்கும் கேட்பதற்கும் சொல்வதற்கும் கிடைத்திருக்கும் இடம் பெரிது.

அதற்கு மேலும் சென்று, கல்வியைப் பங்கிட்டுக் கணக்கே காட்டிவிடுகிறார் பவணந்தியார். ஆசிரியன் உரைத்ததை எத்துணைச் செம்மையாக மனங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயிலும்போது மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் நிரம்பும் என்பது அவர் கருத்து.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய மாணாக்கன் ஒருவனுடைய நாளை அளந்து பார்ப்போம். காலையில் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், பள்ளி விட்டதும் ஸ்பெஷல் கிளாஸ், அந்தி மயங்கியதும் மீண்டும் டியூஷன், வீடு திரும்பிய பின் கைப்பேசியில் யாரோ ஒருவர் நடத்துகிற பாடம். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணி வரையில் ஓர் ஆசிரியர் மாறி ஓர் ஆசிரியர் முன்னால் அவன் உட்கார்ந்துகொண்டே இருக்கிறான். இவையெல்லாம் அந்த முதற் காற்பங்கை மூன்று முறையும் நான்கு முறையும் திரும்பத் திரும்ப வழங்குபவை அல்லவா? அரைப்பங்குக்கு உரிய நாழிகை மட்டும் அவனுடைய கால அட்டவணையில் எங்கும் காணப்படவில்லை. பணம் செலவாகிறது, பிள்ளை இளைக்கிறான், மதிப்பெண் மட்டும் ஏறவில்லை என்று கவலைப்படும் பெற்றோர், பிள்ளையின் நாளில் அவனுக்கென்று எவ்வளவு நேரத்தை விட்டுவைத்திருக்கிறோம் என்று முதலில் எண்ணிப் பார்ப்பது நலம்.

பூவும் பட்சியும் ஊரும்

நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி நினைக்கும்போது பிரம்பும் கோதண்டமும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. அந்தக் கொடுமைகளை யாரும் திரும்ப வேண்டமாட்டார்கள். ஆயினும், ஞாபகசக்தியைப் பேணி வளர்ப்பதில் அப்பள்ளிகள் கையாண்ட சில உபாயங்கள் இன்றும் நம் கவனத்துக்குரியவை. ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வெளிவந்த என் சரித்திரத்தில், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தாம் இளமையில் கண்ட ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குப் புறப்படும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையும், ஒரு பட்சியின் பெயரையும், ஓர் ஊரின் பெயரையும் சொல்லியனுப்புவாராம். மறுநாள் அவற்றைப் பிள்ளை மறவாமல் வந்து ஒப்பிக்க வேண்டுமாம்.

விளையாட்டுப்போல் தோன்றும் இந்தச் சிறு வழக்கத்தில் எத்தனை நுட்பம் அடங்கியிருக்கிறது! சொன்னதை உடனே திருப்பிச் சொல்லும்படி கேட்காமல், ஓர் இரவு கழிந்த பிறகு கேட்டார்கள். கையில் எழுதிக் கொடுக்காமல், மனத்தையே ஏடாகக் கொள்ளச் செய்தார்கள். ஓலைச்சுவடி அருமையாக இருந்த அந்தக் காலத்தில், எண்சுவடியையும் நிகண்டையும் பிள்ளைகள் ஏட்டைப் பாராமலே சொல்லிப் பழகியதற்கு வறுமையும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வறுமையே அவர்களுக்கு ஒரு பயிற்சியாகவும் அமைந்துவிட்டது. மனப்பாடம் என்ற சொல்லை இக்காலத்தில் நாம் இழிவாகப் பேசுகிறோம். பொருள் அறியாத மனப்பாடம் இழிவுதான். ஆனால் அக்காலத்துப் பிள்ளை ஏட்டை மூடி மனப்பாடம் செய்தான். இக்காலத்துப் பிள்ளை ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டே மனப்பாடம் செய்வதாக எண்ணுகிறான். இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

அதே பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான். மூத்த மாணாக்கனாகிய அவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை மேற்பார்க்க வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து, அதைத் தம்முடைய பள்ளியில் புகுத்தியதோடு, மாணாக்கரையே மாணாக்கருக்குக் கற்பிக்கவும் வைத்தார். ஊர் திரும்பியதும் 1797இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தெங்கும் அது மதராஸ் முறை என்ற பெயராலேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவருடைய கொடையால் எழுந்த பள்ளிக்கூடம் இன்றைக்கும் மதராஸ் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. செலவைச் சுருக்க வந்த ஏற்பாடாகவே பலரும் அதைக் கண்டார்கள். சொல்லிக்கொடுத்த பையனே அதிகம் கற்றான் என்பதையோ நன்னூலார் முன்பே அறிந்திருந்தார்.

மறதியை அளந்தவர்

மறதி என்பது மனித சுபாவம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, அந்த மறதி எவ்வளவு, எத்தனை நாழிகையில், எந்த வேகத்தில் நிகழ்கிறது என்று அளந்து பார்க்கத் துணிந்தவர் ஜெர்மனி தேசத்தவரான ஹெர்மன் எபிங்ஹாஸ். சோதனைக்கு வேறு ஆட்களைத் தேடாமல் தம்மையே உட்படுத்திக்கொண்டு, பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, குறித்த காலம் கழித்து அதே வரிசைகளை மீண்டும் கற்று, முதல் தடவையைவிட எவ்வளவு பிரயாசை மிச்சமாகிறது என்று ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு குறித்துவைத்த அவர், 1885இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கற்று 20 நிமிஷம் கழிந்ததும் மிச்சமான பிரயாசை நூற்றுக்கு 58. ஒரு மணி கழிந்தபின் 44. ஒரு நாள் கழிந்தபின் ஏறக்குறைய 34. ஆறு நாளில் 25. ஒரு மாதத்தில் 21.

இந்த எண்களில் கவனிக்கத்தக்கது அவற்றின் போக்கு. பெருமழை விட்டதும் தெருவில் ஓடும் வெள்ளம்போல் ஞாபகம் முதல் மணியில் விரைந்து வடிந்து, பிறகு மெல்ல மெல்லக் கசிகிறது. பொருளுள்ள பாடங்கள் பொருளற்ற அசைகளைவிட நெடுநாள் நிற்கும் என்பது உண்மையே. வடிகிற விதம் மட்டும் அதேதான். எனவே, இன்று வகுப்பில் நடந்த பாடத்தை இன்று இரவே பத்து நிமிஷம் நினைத்துப் பார்க்கிற பிள்ளை, வெள்ளம் வடிவதற்குள் மடையை அடைத்தவன் ஆகிறான். பரீட்சைக்கு முந்திய வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிற பிள்ளையோ வறண்ட ஏரியில் புதிதாக நீர் நிரப்ப வேண்டியவன் ஆகிறான்.

எபிங்ஹாஸ் கண்ட மற்றோர் உண்மை அதனினும் பயனுடையது. ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை சொல்லியே அவர் பெற்றுவிட்டார். உழைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. செய்த மாறுதல் இடையிலே இரவுகளை விட்டது ஒன்றுதான். திண்ணைப் பள்ளி உபாத்தியாயரின் பூவும் பட்சியும் நமக்கு இங்கே நினைவுக்கு வருகின்றன.

தெரிந்ததுபோல் தோன்றுவது

அப்படியானால் திரும்பத் திரும்ப வாசிக்கும் வழக்கம் ஏன் இத்தனை உறுதியாக நம்மிடம் வேரூன்றியிருக்கிறது? அது சுகமாக இருக்கிறது என்பதுதான் காரணம். மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிய முகங்களைப்போல் தோன்றுகின்றன; பழகிய முகம் என்பதனாலேயே பெயரும் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம்; எதிரில் வந்து நின்று பேசும்போதல்லவா பெயர் நாவில் வராமல் திண்டாடுகிறோம்!

அமெரிக்காவில் அயோவா மாகாணத்தில் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் என்பவர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவுகளை 1939இல் வெளியிட்டார். வாசித்த பாடத்தில் உடனுக்குடன் சிறு பரீட்சை எழுதியவர்களே வாரக்கணக்கில் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று அது காட்டிற்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவரிடத்தில் இதையே இன்னும் நுட்பமாகச் சோதித்தனர். ஒரு கூட்டத்தார் உரைநடைப் பகுதி ஒன்றை நான்கு அமர்வுகளிலும் வாசித்தார்கள். மற்றொரு கூட்டத்தார் முதல் அமர்வில் மட்டும் வாசித்து, எஞ்சிய மூன்றிலும் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னே நின்றார்கள்: அவர்களுக்கு நூற்றுக்கு 83, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அதிகம் நினைவிருக்கும் என்று தம்மைப் பற்றி அதிக நம்பிக்கை கொண்டிருந்தவர்களும் வாசித்த கூட்டத்தாரே என்பது இதில் சிந்திக்கத்தக்கது.

காலையில் வாசித்துவிட்டு அன்றைக்கே பரீட்சை எழுதுகிற பிள்ளை ஓரளவு தேறிவிடுவதும், அதே பிள்ளை பொதுத்தேர்வில் ஒரு வருஷத்துப் பாடத்தையும் ஒருங்கே எதிர்கொள்ளும்போது தடுமாறுவதும் இதனால்தான். டான்லாஸ்கி முதலிய ஐந்து உளவியலாளர்கள் 2013இல் பத்துப் படிப்பு முறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, வரிகளின் கீழே கோடிடுவதையும் திரும்ப வாசிப்பதையும் கடைசி வரிசையிலும், தன்னைத் தானே சோதித்துக்கொள்வதையும் இடைவெளி விட்டுப் பயில்வதையும் முதல் வரிசையிலும் வைத்தார்கள். நம் பிள்ளைகளின் புத்தகங்களோ மஞ்சளும் பச்சையும் பூசி, பொங்கலுக்கு வண்ணமிட்ட மாட்டுக் கொம்புகளைப்போல் காட்சியளிக்கின்றன.

ஒரு பாடம், நான்கு நாட்கள்

இவற்றையெல்லாம் ஒரு பிள்ளையின் அன்றாட நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு? தெருக்கோடிப் பையனின் இதயப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

பாடத்தை வாசிக்கத் தொடங்குமுன், அதன் இறுதியில் இருக்கும் கேள்விகளை, பிள்ளைகள் புக் பேக் என்று வழங்குகிறார்களே அவற்றை, ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தேடுவது இன்னதென்று தெரிந்த கண்ணுக்குத்தான் பொருள் தட்டுப்படும். அமெரிக்காவில் ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராபின்சன் 1946இல் வெளியிட்ட நூலில், நோட்டமிடுதல், வினாக் கொள்ளுதல், வாசித்தல், ஒப்பித்தல், மறுபடியும் பார்த்தல் என்று ஐந்து படிகளை வகுத்திருக்கிறார். நான்காவது படியைப் பாருங்கள். நம் பாட்டிமார் "எங்கே, ஒப்பி பார்க்கலாம்" என்று கேட்டார்களே, அதுதான் அது.

இரண்டு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் இதயத்தை வரைய வேண்டும். படம் அழகாக அமைய வேண்டும் என்பதில்லை. நான்கு அறைகள் இருந்தால் போதும். வலது ஆரிக்கிளிலிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும், நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிளுக்கும், பிறகு இடது வெண்ட்ரிக்கிள் வழியாக உடலுக்கும் இரத்தம் போகிற பாதையை அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும். மூவிதழ் வால்வு எந்தப் பக்கம், ஈரிதழ் வால்வு எந்தப் பக்கம் என்ற இடத்தில் நிச்சயம் தயக்கம் வரும். வரட்டும். அந்தத் தயக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று போராடிய பிறகு புத்தகத்தைத் திறந்து பார்க்கிறவனுக்கு, அந்த விடை எளிதில் மறவாது. தவறிய இடத்தை மட்டும் சிவப்பு மையால் திருத்திக்கொண்டால், மறுமுறை எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

மறுமுறை எப்போது? இதற்கு ஓர் எளிய உபாயம் சொல்வேன். நம் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் நாளைய தாளிலும், அடுத்த வாரத்துத் தாளிலும், அடுத்த மாதத்துத் தாளிலும் "இதயம்" என்று பென்சிலால் எழுதிவைத்துவிடலாம். விடிந்து தாளைக் கிழிக்கும்போது அன்றைக்கு எந்தப் பாடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது இராகுகாலம் எமகண்டத்தோடு சேர்ந்து தானே தெரிந்துவிடும். முதல் நாளில் அரைமணி பிடித்த பாடம் மறுநாள் பத்து நிமிஷத்திலும், ஒரு வாரத்துக்குப் பின் ஐந்து நிமிஷத்திலும் முடிவதைப் பிள்ளையே காண்பான். அதைவிட உற்சாகம் ஊட்டுவது வேறொன்றில்லை.

கணக்குப் பாடத்தில் இந்த நெறி இன்னும் இன்றியமையாதது. செய்து காட்டிய கணக்கை வாசிப்பது, பிறர் நீந்துவதைக் கரையிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பாகும். கும்பகோணத்தில் பதினைந்து வயதுப் பையனாக இருந்த ஸ்ரீநிவாச ராமானுஜனுக்கு 1903இல் கார் என்பவருடைய கணிதத் தொகுப்பு நூல் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிரூபணமின்றி அடுக்கிவைத்த அந்த நூலைப் படித்துக் களிப்பதற்கு வழியே இல்லை. ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தாக வேண்டும். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி அவர் அதைச் செய்தார். அவருடைய மேதையை யாரும் பழகிப் பெற முடியாது. அந்தச் சிலேட்டை யாரும் கைக்கொள்ளலாம். அவரே மற்றப் பாடங்களைப் புறக்கணித்து எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார் என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சாதகம் என்னும் சொல்

சங்கீதம் பயில்கிறவர்களிடத்தில் சாதகம் என்றொரு சொல் உண்டு. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று நாள்தோறும் குறித்த வேளையில் பாடிப் பழகுவதற்கு அப்பெயர். ஸ்வரம் எழுதிய புத்தகத்தைப் பத்து முறை வாசித்துவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் சொன்னதில்லை. அரங்கேற்றத்துக்கு முந்திய இரவு முழுதும் விழித்து மிருதங்கம் வாசித்தால் போதும் என்று எந்தத் தகப்பனாரும் நம்பியதில்லை. சங்கீதத்தில் இவ்வளவு விவேகமுள்ள நாம், சரித்திரத்திலும் ரசாயனத்திலும் மட்டும் ஓரிரவு மந்திரத்தை நம்புகிறோமே, ஏன்?

பழக்கம் அமைவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். நடுத்தரமாக 66 நாள் என்பது அவர்கள் கண்டது. சிலருக்கு 18 நாளிலேயே அமையலாம், சிலருக்கு 254 நாள் வரையிலும் ஆகலாம் என்றும் கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பழுதில்லை என்பதும் அவர்கள் கூறியதே. ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த சூட்டோடு தொடங்கும் பிள்ளைக்கு, ஆடி கழியும் தறுவாயில், காலாண்டுப் பரீட்சைக்கு முன்பாகவே, பழக்கம் வேர்பிடித்துவிடக் கூடும் என்று இதிலிருந்து நாம் நம்பிக்கை கொள்ளலாம். அதற்கு வேண்டியது புதிய வைராக்கியம் ஒன்றுமில்லை. வீட்டில் முன்பே இருக்கிற ஒரு வழக்கத்தோடு படிப்பை முடிச்சுப் போட்டுவிட்டால் போதும். சாயங்காலம் முகம் கழுவி, சுவாமி விளக்கு ஏற்றியதும், அதே மூலையில், அதே பாயில் உட்கார்வது என்று வைத்துக்கொண்டால், சில வாரங்களில் விளக்கின் சுடரே பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடும்.

தூக்கமும் கைப்பேசியும்

தூக்கத்தைத் திருடிப் படிப்புக்குக் கொடுப்பது நம் வீடுகளில் ஒரு தவமாகவே கருதப்படுகிறது. பதினொரு மணிக்குப் படுத்த பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்பி முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 2016இல் வகுத்த பரிந்துரையின்படி, 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மாணவர் இருவரைக் கொண்டு செய்த சோதனையில், கற்றபின் உறங்கிய நேரத்தில், விழித்திருந்த நேரத்தைக் காட்டிலும் மிகக் குறைவாகவே அம்மாணவர்கள் மறந்தார்கள் என்று கண்டார்கள். விடியற்காலைப் படிப்பு நல்லதே. முன்னிரவில் அதற்குரிய விலையைக் கொடுத்திருந்தால்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்டுக் காரியங்களில் ஏககாலத்தில் கருத்தைச் செலுத்தும் அட்டாவதானம் நம் நாட்டில் பல்லாண்டு பயின்று அரங்கில் காட்டிய வித்தை. மடியில் புத்தகமும் கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று. படிக்கும் வேளையில் அது வேறோர் அறையில் இருக்கட்டும். அதிலே பாடமும் வருகிறதே என்பார்கள், வருகிறது, மெய்தான். அதுவும் நன்னூலாரின் முதற் காற்பங்கு என்பதை மறவாதிருந்தால் சரி.

வேறோர் அறை ஏது, ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம் என்று சொல்லும் வீடுகள் நம் நாட்டில் அநேகம். அவர்களுக்கு நூலகத்தின் பெஞ்சும், கோயில் பிராகாரமும், பள்ளிக்கூடத்து மரத்தடியும் உண்டு. அவையும் இல்லாவிடில், தம்பியும் தங்கையும் உண்டு. எட்டாம் வகுப்பில் வாசிக்கும் அக்காள் ஐந்தாம் வகுப்புத் தம்பியை எதிரில் உட்காரவைத்துப் பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால், காசு செலவில்லாமல் அந்த அரைப்பங்கு நிரம்பிவிடுகிறது. எழுத்தறியாத தாயாரும் இதற்குத் தகுதி உடையவரே. உண்மையில் அவரே சிறந்த பரீட்சகர். "எனக்குப் புரியலையே, இன்னொரு தரம் சொல்லு" என்று அவர் கள்ளமில்லாமல் கேட்கிற கேள்வி, எந்த வினாத்தாளிலும் காணக்கிடைக்காத கடினமான கேள்வி.

சென்ற வாரம் விடியற்காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருக்கோடி வீட்டில் ஓசையே இல்லை. பையன் தரையில் கவிழ்ந்து படுத்தபடி தாளில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். வழக்கம்போல் உள்ளேயிருந்து, "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று குரல் வந்தது.

"புத்தகம் உன்கிட்டதானே இருக்கு, நீயே கேளு" என்றான் பையன்.

அடுப்படியில் பக்கம் புரளும் சப்தம் கேட்டது. "மூவிதழ் வால்வு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இங்கே வேற மாதிரின்னா போட்டிருக்கு?"

கூடத்தில் மறுபடியும் நிசப்தம் நிலவியது. இம்முறை தாயார் அதைக் கலைக்காமல் காத்திருந்தார்.